பழுப்பே இல்லாத கடல்

என் மனைவி வரைந்த கடல் இப்போது கனடாவில் யாரோ ஒருவர் வீட்டு நடையில் தொங்குகிறது. அதன் அச்சுப் படம் சாந்த்ராகாச்சியில் என் மச்சான் வீட்டு ஹாலில் தொங்குகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று மச்சான் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒன்றல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. இங்கே வங்காளத்தில், பவானிபூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பளம், காப்பித்தூள், சாம்பார்ப் பொடி, இட்லி அரிசி. சொல்ல வந்ததை நேராகச் சொல்வேன். அதில் நயம் இல்லையென்றால் போகட்டும்.

இது ஒரு காலண்டரில் ஆரம்பித்தது. மருந்து கம்பெனியில் வேலை பார்க்கும் வாடிக்கையாளர் ஒருவர் வருஷா வருஷம் எங்களுக்குக் காலண்டர் தருவார். ஒரு வருஷம் பன்னிரண்டு தாளிலும் வெளிநாட்டு ஓவியங்கள். அதில் ஒரு மாதத்துக்குப் பிரெஞ்சுக்காரன் ஒருவன் வரைந்த கடற்கரை. கொஞ்சம் பாறை, ஒரு பாய்மரப் படகு, மிச்சமெல்லாம் தண்ணீரும் வானமும். முழுக்கப் புள்ளி. தூரிகையால் இழுத்த கோடு ஒன்றுகூட இல்லை. கீழே சின்ன எழுத்தில் நியோ இம்ப்ரெஷனிசம் என்று போட்டிருந்தது. மாதம் முடிந்து தாளைக் கிழிக்கப் போனேன்.

"அதக் கிழிக்காதிய" என்றாள்.

அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் அதே மாதம்தான். தேதி பார்க்க நான் கடைக்குப் போக வேண்டியிருந்தது.

பெருக்குகிற சாக்கில் அதன் முன்னால் நிற்பாள். மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போவாள். பிறகு விளக்குமாற்றோடு பின்னாலேயே நடந்து அடுத்த சுவர் வரைக்கும் வருவாள். ஒரு நாள் என்னையும் இழுத்து நிறுத்தினாள்.

"இங்க பாருங்க. இவன் கலரக் கலக்கவே இல்ல. நீலத்தத் தனியா வச்சிருக்கான், ஆரஞ்சத் தனியா வச்சிருக்கான். நம்ம கண்ணுதான் கலக்குது. முழுசாவும் கலக்க முடியல. அது கெடந்து தவிக்குதுல்லா, அதான் பளபளங்குது."

"தவிச்சிட்டுப் போட்டும். எனக்குப் பசிக்கி."

அப்படித்தான் நான் பேசுவேன். அவளும் அதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவள் இல்லை.

மதியம் கடை அடைத்திருக்கும் நேரத்தில் வரைய ஆரம்பித்தாள். சாப்பிட்ட மேஜையைத் துடைத்து ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்னச் சின்ன அட்டைகளில் புள்ளி வைத்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்து வீட்டு வங்காளிகள் வந்து பார்த்துவிட்டு, "தமிழ் வீட்டுப் பெண் இல்லையா, கோலம் போட்ட கை" என்று தலையாட்டுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அவளுக்குக் கோலமே வராது. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். மார்கழியில் வாசலில் ஒட்டுகிற பிளாஸ்டிக் கோலம் வாங்கி ஒட்டுவாள். அவள் புள்ளி அந்தப் பிரெஞ்சுக்காரனிடமிருந்து வந்தது, அவனை நாங்கள் மருந்து கம்பெனி மூலமாகத் தெரிந்துகொண்டோம், அவ்வளவுதான். ஆனால் ஒருவர்கூட நம்பவில்லை. தமிழச்சி புள்ளி வைத்தால் கோலம் என்று முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள்.

சில வருஷங்கள் இப்படி ஓடின. மேம்பாலம் வரைந்தாள், எங்கள் தெரு டிராம் கம்பியை வரைந்தாள், எதுவும் அவளுக்குத் திருப்தியில்லை. பிறகு இடது கண் போயிற்று.

ஒரேயடியாகப் போகவில்லை. பார்க்கிற பொருளுக்கு நடுவில் ஒரு கறை வந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டிருக்கிறது, ஓரத்தில் தெரியும், நடுவில் தெரியாது என்றார். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். வலது கண்? அதுவும் பின்னால் போகும், எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார். நான் அவரிடம் கத்தினேன். டாக்டரிடம் கத்தி என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தெரியும். வெளியே வந்து ஆட்டோ பிடிக்கும்போது அவள் சொன்னாள்:

"கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க. நெசக் கடல ஒரு தடவ படமாப் போடணும். இந்தக் கண்ணு இருக்கும்போதே."

பூரிக் கடற்கரை வேண்டாம், கூட்டம் என்றாள். பக்காலிக்குப் போனோம். தர்மதலாவில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். வங்காளத்துக் கடல் அது. நீலமாக இருக்காது. கங்கை கொண்டுவந்து கொட்டுகிற சேறு முழுக்க அங்கேதான் கிடக்கிறது. தண்ணீர் பழுப்பு, மணல் பழுப்பு, கரையில் சவுக்குத் தோப்பு. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று முதல் நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் தண்ணீர் வெகுதூரம் இறங்கிப்போயிருந்தது. ஈர மணல் கண்ணாடி மாதிரி கிடந்தது. நான் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, டீயில் பால் இல்லையென்று கடைக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தனியாக நடந்து போய் நடுமணலில் நின்றாள். திரும்பிக் கையை ஆட்டினாள். வாங்க, வாங்க என்று ஆட்டினாள். நான் டீயைக் குடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். போய்ச் சேர்ந்தபோது கையை இறக்கிவிட்டிருந்தாள்.

"என்னளா?"

"வெளிச்சம் வந்துச்சு. போயிட்டு."

எனக்கு முன்னால் பழைய பழுப்புத் தண்ணீர்தான் இருந்தது. அன்று மாலையும் மறுநாள் காலையும் நின்று பார்த்தோம். அது திரும்பி வரவில்லை.

ஊருக்கு வந்ததும் ஆரம்பித்தாள். இந்த முறை அட்டையில் இல்லை, பெரிய கேன்வாஸில். சாப்பாட்டு மேஜை முழுக்க அது அடைத்துக்கொண்டது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மழைக்காலம் போயிற்று, பூஜைப் பண்டிகை போயிற்று, குளிர் வந்தது. நேராகப் பார்த்தால் இடது கண்ணின் கறை இடைஞ்சல் செய்கிறது என்று, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, காக்கை பார்ப்பது போல் பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்தாள். ஒரு புள்ளி வைப்பாள், பின்னால் நடந்து வருவாள், பார்ப்பாள், திரும்பப் போவாள். அந்தச் சின்ன அறையில் எத்தனை மைல் நடந்திருப்பாளோ. சாயம் வாங்க நான்தான் போவேன். நீலம் வாங்கினேன், ஊதா வாங்கினேன், ஆரஞ்சு, பச்சை, ரோஜா, எலுமிச்சை மஞ்சள் எல்லாம் வாங்கினேன். பழுப்பு மட்டும் கேட்கவே இல்லை.

"பக்காலிக் கடலுக்குப் பழுப்பு வேண்டாமா?" என்று கேட்டேன்.

"பழுப்பு அதுல இல்ல. நீங்க தள்ளி நின்னுல்லா பாத்திய."

முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டு எதிர்ச் சுவரோரம் நிறுத்தினாள். பார்த்தேன். அதே கடல். சேறு கலந்த, நம் ஊருக்கே உரிய பழுப்புக் கடல். ஆனால் அந்தப் பழுப்புக்குள்ளே தீ எரிந்தது. தண்ணீர் இறங்கிப்போன மணலின் மேல் ஒரு வெளிச்சம், இதோ கலையப்போகிறேன் என்று நின்றது. கண்ணை எடுத்தால் போய்விடும் போலிருந்தது. கிட்டே போனேன். பழுப்பைக் காணோம். நீலத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, ஊதாவுக்குப் பக்கத்தில் மஞ்சள், சவுக்கு நிழலில்கூடக் கறுப்பு இல்லை, சிவப்பும் பச்சையும் தனித்தனியாக. ஒன்றை ஒன்று தொடாமல் உட்கார்ந்திருந்தன. திரும்பப் பின்னால் வந்தேன். திரும்பக் கடல்.

கண் கலங்கிவிட்டது எனக்கு. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. "நல்லாருக்கு" என்றேன். அவளுக்கு அது போதுமாயிருந்தது, ஏனென்றால் நான் எதையும் நல்லாருக்கு என்று சொல்லிக் கேட்டவள் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பேட்டைப் பூஜை கிளப் ஒரு கண்காட்சி வைத்தது. தெருக்காரர்கள் வரைந்தது, பின்னியது, செய்தது எல்லாம். அவளுடையதையும் கேட்டு வாங்கிப்போய் மாட்டினார்கள். பிள்ளைகள் வரைந்த காளி படங்களுக்கும் ஒரு கம்பளி யானைக்கும் நடுவில் அது தொங்கியது. இரண்டாம் நாள் ஒரு வங்காளி வந்தார். எங்கள் பேட்டைதான், ரொம்ப வருஷமாகக் கனடாவில் இருக்கிறவர். பரம்பரை வீட்டை, இடித்து அடுக்குமாடி கட்டுகிற ப்ரொமோட்டருக்குக் கொடுத்து முடிக்க வந்திருந்தார். அந்தப் படத்தின் முன்னால் நின்றார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், கிட்டே போனார், பின்னால் வந்தார், கம்பளி யானையில் இடித்துக்கொண்டார். அவர் அப்படி நடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் அவள். சின்ன வயதில் அப்பாவோடு பக்காலி போனது ஞாபகம் வருகிறது என்றார். தன்னோடு எடுத்துப் போகத் தருவீர்களா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து நான் குதித்தேன்.

"விக்காத. கண்ணு போகப்போற நேரத்துல இத ஒண்ண வச்சிருக்க. அதையும் ஒருத்தன்கிட்டத் தூக்கிக் குடுப்பியா?"

"கண்ணு போனப்பொறம் சொவத்துல இருந்தா எனக்கென்ன, இல்லாட்டி எனக்கென்ன? அந்தாளு பாத்தத நீங்க பாத்திய இல்லா? அப்படிப் பாக்கிற ஒருத்தங்கிட்ட இருக்கட்டும்."

"அப்ப மிச்சமிருக்கிற நாளு நீ எதப் பாப்ப?"

அதற்குப் பதில் அவள் தம்பியிடமிருந்து வந்தது.

என் மச்சான் ஹவுராவில் ஒரு அச்சகத்தில், கம்ப்யூட்டரில் பிளேட் தயாரிக்கிற பிரிவில் வேலை பார்க்கிறான். கல்யாணப் பத்திரிகையிலிருந்து மிட்டாய் டப்பா வரைக்கும் அவன் கை பட்டுத்தான் மிஷினுக்குப் போகும். அக்கா என்றால் உயிர். சொன்னான்:

"குடுத்துரு அக்கா. குடுக்கிறதுக்கு முந்தி நான் ஒரு காப்பி எடுத்துருதேன். அதே சைஸ், அதே கலர், நல்ல ஆர்ட் பேப்பர்ல. ஏக்தம் அசல் மாதிரி. நீ பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டே இரு."

அந்த அச்சை நம்பித்தான் அவள் சம்மதித்தாள். இதை அழுத்திச் சொல்கிறேன். வலது கண் இருக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க அது ஒன்றுதான் என்று கணக்குப் போட்டுத்தான் அசலைக் கொடுத்தாள்.

மச்சான் படத்தைப் போர்வையில் சுற்றி, ஃபெர்ரியில் ஆற்றைக் கடந்து கொண்டுபோனான். பெரிய காமிராவில் படம் பிடித்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தான். ஒரு கீறல் இல்லை. கனடாக்காரர் வந்து வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார். அச்சகத்தில் கல்யாண சீசன், மிஷின் ஓயவில்லை. அதனால் அச்சு வர நாளானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுருட்டிக் கொண்டுவந்தான். காலியாகியிருந்த அதே மேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் பருப்பு பாக்கெட் வைத்தான். முகமெல்லாம் பல்.

"ரொம்பப் பாடுபடுத்திட்டு அக்கா உன் கடல். மொதல் புரூஃப் எடுத்தேன், வானம் முழுக்கப் பட்டுச் சேல மாதிரி அல அலயாக் கோடு ஓடுது. ஏன்னு கேளு. நாங்களும் புள்ளி வச்சுத்தானே அடிக்கோம். கண்ணுக்குத் தெரியாத புள்ளி. உன் புள்ளியும் எங்க புள்ளியும் ஒண்ணுக்கொண்ணு மோதிக்கிட்டு. பிரஸ்ல அந்தக் கோடு விழுந்துச்சுன்னா மாலிக் செருப்பால அடிப்பார்." முதலாளியைத்தான் மாலிக் என்பான்.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன, நான் விடுவேனா? வேல முடிஞ்சு எல்லாரும் போனப்பொறம் உக்காந்து உன் புள்ளியெல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல இளக்கி விட்டுட்டேன். கோடு போயே போச்சு. தள்ளி நின்னு பாத்தா எப்படியும் ஒண்ணாத்தானே தெரியப்போவுது? பாரு, எப்படி வழவழன்னு இருக்கு!"

அவள் குனிந்தாள். தலையைச் சாய்த்து, வலது கண்ணைத் தாளுக்குக் கிட்டே கொண்டுபோனாள். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனாள். நானும் பார்த்தேன். நீலமும் ஆரஞ்சும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோயிருந்தன. ஊதாவும் மஞ்சளும் கரைந்துபோயிருந்தன. கரைந்து என்ன ஆகும்? சேறு ஆகும். நான் ஒரு டப்பாகூட வாங்கிக் கொடுக்காத பழுப்பு அந்தத் தாள் முழுக்கத் தடவியிருந்தது. வானம் மெத்தென்று இருந்தது, மணல் மெத்தென்று இருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் முணுமுணுத்த கடல் அது. அவள் கண்ட கடல் இல்லை.

அவனைக் குறை சொல்லவும் வழியில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து புள்ளி தெரியாமல் அடிப்பதுதான் அவன் தொழில். புள்ளி தெரிந்தால் வேலை கெட்டது என்று அர்த்தம். தன் தொழிலில் எதைப் பெரிய நேர்த்தி என்று நினைக்கிறானோ அதைத்தான் அக்காவுக்குச் செய்துகொண்டு வந்திருந்தான்.

"எப்படி அக்கா?"

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"நல்லாருக்குல. கழுவி விட்ட மாதிரி இருக்கு."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

அவன் போனதும் கேட்டேன். "ஏன் சொல்லல?"

"சொன்னா அழுவான். அவன் அழுதா புள்ளி வந்துருமா?"

"நான் சொல்லுவேன்."

"சொன்னீயன்னா நான் உங்ககூடப் பேசமாட்டேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டிருந்தாள். நான் உள்ளே போகவில்லை.

சும்மா இருப்பேனா? மறுநாள் மச்சானுக்கு போன் போட்டு, எதேச்சையாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஏல, அந்தப் படத்த மொதல்ல எடுத்தியே, புள்ளியோட, அந்த ஃபைல் இருக்கா?"

"அதெதுக்கு அத்தான்? அதுமேலதானே வேல பாத்தேன். மிச்சமிருந்ததையும் டிஸ்க் ரொம்பிட்டுன்னு மாலிக் அழிக்கச் சொல்லிட்டார். ஏன், இன்னும் காப்பி வேணுமா? பிளேட் இருக்கு, எவ்வளவு வேணும்னாலும் அடிக்கலாம்."

வேண்டாம் என்று வைத்தேன்.

கனடாக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். நல்ல மனிதர், உடனே பதில் போட்டார். போனில் ஒரு படமும் எடுத்து அனுப்பினார். நீளமான நடை, கோட்டு மாட்டுகிற கொக்கி, மஞ்சள் பல்பு, பல்பின் வெளிச்சம் சட்டத்தின் கண்ணாடியில் பட்டு நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டுக்குப் பின்னால் எங்கேயோ எங்கள் கடல். பெரிதுபண்ணிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக உடைந்தது. அவளிடம் காட்டினேன். போனை மூக்கோடு ஒட்டிப் பார்த்துவிட்டு, "பத்திரமா மாட்டிருக்காரு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

"திரும்பப் போடு" என்றேன். "இன்னும் ஒரு கண்ணு இருக்கு. அதே படம்தானே. எது எங்கன்னு ஒனக்குத் தெரியாதா?"

"பக்கத்துப் புள்ளியப் பாத்துத்தான் அடுத்த புள்ளிய வைக்கணும். அது என்ன கலர்ல இருக்கோ அதுக்குத் தக்கன இது. நெனவுல இருந்து எடுத்து அடுக்க அது என்ன அரிசி மூடையா?"

ஆனாலும் ஒரு அட்டை எடுத்து உட்கார்ந்தாள். சில நாள் உட்கார்ந்தாள். அதற்குள் வலது கண்ணிலும் கறை வந்துவிட்டிருந்தது, என்னிடம் அவள் சொல்லவில்லை. புள்ளி மேல் புள்ளி வைத்தாள், வைத்த இடம் தெரியாமல். ஒரு மதியம் தூரிகைகளை எல்லாம் மண்ணெண்ணெயில் சுத்தமாகக் கழுவித் துடைத்து, காகிதத்தில் சுற்றி, அலமாரியில் வைத்தாள். மேஜையை நடுவில் இழுத்துப் போடச் சொன்னாள். அன்றிலிருந்து மேஜையில் சாப்பிடுகிறோம்.

இப்போது அவளுக்கு ஓரம் மட்டும் தெரியும். "உங்க மூஞ்சி இருக்கிற எடத்துல ஒரு கறை. ரெண்டு காது மட்டும் தெரியுது. காதும் நல்லாத்தான் இருக்கு" என்பாள்.

மச்சான் அந்த அச்சை ஒன்றோடு நிறுத்தவில்லை. அக்கா பெருமையை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று நிறைய அடித்துவிட்டான். எங்கள் ஜனத்தில் ஒரு வீடு பாக்கியில்லை. பாங்கு மானேஜர் வீட்டில் இருக்கிறது. கோயில் ஆபீஸில் இருக்கிறது. நான் தேங்காய் வாங்குகிற மண்டியில் பிள்ளையாருக்குக் கீழே இருக்கிறது. எங்கே போனாலும் அந்த வழவழப்பு என்னைப் பார்க்கிறது. "உங்க வீட்டம்மா வரைஞ்சதாமே" என்கிறார்கள். பிடுங்கிக் கிழிக்க வேண்டும் போலிருக்கும். ஆமாம் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

போன மாதம் மச்சான் சாந்த்ராகாச்சியில் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சினான். போனோம். ஹாலில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அது. தங்க நிறச் சட்டம், மேலே தனியாக ஒரு சின்ன விளக்கு. அவன் அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அதன் முன்னால் நிறுத்தினான்.

"பாரு அக்கா, உன் கடல். லைட்டெல்லாம் போட்டு வச்சிருக்கேன்."

அவள் தலையைச் சாய்த்தாள். "வெளிச்சமா இருக்குல" என்றாள்.

பக்கத்து வீட்டு வங்காளி அம்மா ஒருத்தி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "ஏகேபாரே போட்டோர் மோதோ, தீதி!" என்றாள். அச்சு அசல் போட்டோ மாதிரி இருக்கிறது அக்கா என்று பாராட்டுகிறாளாம். அத்தனை மாதம் காக்கை மாதிரி சாய்ந்து சாய்ந்து வரைந்தவளிடம் போட்டோ மாதிரி என்கிறாள். எனக்குத் தலை கொதித்தது. மச்சான் தோளைப் பிடித்துத் திருப்பினேன். சொல்லிவிடுவது என்றே திருப்பினேன். அவன் அதற்குள் வேறு யாரிடமோ, "எங்க அக்கா வரைஞ்சது, எங்க அக்கா" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். புதுச் சட்டை, சட்டையில் பால் சிந்தியிருந்தது.

"என்ன அத்தான்?"

"சட்டைல பாலு" என்றேன்.

அவனிடம் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வங்காளிப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் பிள்ளைகளுக்குப் பேசவே சரியாக வராது. அதனால் இது அவன் கைக்குப் போனாலும் பயமில்லை. அவளும் இனி எதையும் படிக்கப் போவதில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து லோக்கல் ரயிலில் ஹவுராவுக்குத் திரும்பினோம். அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. வெளியே சாந்த்ராகாச்சி யார்டு நீண்டுகொண்டே வந்தது, தண்டவாளமும் சரக்கு வேகனும். வெயில் அவள் முகத்தில் விழுந்தும் மறைந்தும் வந்தது. ஜன்னல் பக்கமிருந்து திரும்பிக் கேட்டாள்:

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அவன் கொண்டுவந்த அன்னிக்கே என் வலது கண்ணு கெட ஆரம்பிச்சிருக்குமோ?"

"ஏன்?"

"இல்ல... எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லுதாவ. ஒருத்தருகூட ஒண்ணும் சொல்லலியே. புள்ளியெல்லாம் அதுல இருந்து, எனக்குத்தான் தெரியாமப் போச்சோ? நான்தான் தம்பியத் தப்பா நெனச்சுக்கிட்டு இருக்கேனோ?"

நான் அவளைப் பார்த்தேன். இதை எத்தனை நாளாக உள்ளே வைத்து உருட்டிக்கொண்டிருந்தாளோ. ஆமாம், படம் நன்றாகத்தான் இருக்கிறது, உன் கண்தான் கெட்டிருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கடல் அத்தனை வீட்டுச் சுவரிலும் உயிரோடு இருக்கும். தம்பி செய்தது சரியாகிவிடும். நான் ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பொய் வராது என்று பெருமையடிக்கவில்லை. கடைக்காரன் நான், பொய் வரும். வாய் வரைக்கும் வந்தது.

"இல்ல" என்றேன். "ஒன் கண்ணு சரியாத்தான் பாத்துச்சு. அதுல ஒரு புள்ளி கெடையாது. நானும் பக்கத்துல நின்னு பாத்தேன்லா. அவன் எல்லாத்தையும் அழிச்சிட்டான். சேறு மாதிரி இருக்கு. இன்னிக்கும் பாத்தேன், சேறுதான்."

அவள் கையிலிருந்த தாம்பூலப் பையை மடியில் வைத்தாள். நீளமாக மூச்சு விட்டாள்.

"நல்லவேள. என் கண்ணோன்னு பயந்துட்டேன்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். இத்தனை நாளில் டாக்டர் சொன்னபோதும் அழாதவள், மேஜையில் அந்தத் தாளை விரித்தபோதும் அழாதவள், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். எதிர் ஸீட்டில் இருந்த ஆள் என்னை முறைத்தான், நான் ஏதோ திட்டிவிட்டேன் என்று நினைத்திருப்பான். நினைத்துக்கொள்ளட்டும். ஹவுரா வந்தது. எல்லாரும் இறங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். பெட்டியைக் கூட்டுகிறவன் வந்து விரட்டிய பிறகு அவள் கையைப் பிடித்து இறக்கினேன்.